வைக்கோல் போர் நனையாமல் நிற்க

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் சம்பா அறுப்பு தை, மாசியில்தான். ஜனவரி 28 வாக்கில் மேட்டூர் அணையை மூடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வற்றி வெயில் ஏறத் தொடங்கும்போது வீட்டில் எல்லோருக்கும் ஒரே வேலை, வைக்கோல். அப்பா வண்டியோட்டுவார், அம்மாவும் அத்தையும் தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள், சித்தப்பா போர் மேல் நிற்பார். கீழிருந்து அள்ளிக் கொடுப்பது பிள்ளைகள் நாங்கள். இன்றும் என் மாடுகளுக்குக் கையால் அடுக்கிய போர்தான். ஒழுங்காகப் போட்ட போர் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் உள்ளே பொன்னிறமாகவே இருக்கும். அப்படிப் போடுவது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். கறவை மாடு ஒன்று நாளைக்கு 5 முதல் 6 கிலோ வைக்கோல் தின்னும். பச்சைப்புல் கிடைக்காத மாதங்களையும் சேர்த்தால் ஒரு மாட்டுக்கு வருஷத்துக்கு 2 டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தோ பயறோ தெளித்திருப்போம். அறுத்த பிறகு வைக்கோல் வயலிலேயே கிடந்தால் அடியில் முளைத்த உளுந்து வெளிச்சம் காணாமல் வெளுத்துப் போகும். ஆகவே சீக்கிரம் வாரிக் களத்துக்கோ மேட்டுக்கோ கொண்டுபோய் அங்கே காயப்போடுங்கள்.

வைக்கோல் நன்றாகக் காய்வதில்தான் போரின் ஆயுள் இருக்கிறது. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். அந்தப் பனி வைக்கோலையும் விடாது. காலையில் பனி உலர்ந்த பிறகு பிரித்து உதறுங்கள், உச்சி வெயிலில் ஒருமுறை புரட்டுங்கள், சாயங்காலம் பனி இறங்குமுன் குவித்து வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க இலையைத் தொட்டுப் பார்த்தால் போதாது, இலை ஒரே நாளில் சரசரக்கும். ஒரு தாளை உருவி, கணுவை நகத்தால் அழுத்துங்கள். ஈரம் கசிந்தாலோ நகம் மெத்தென்று இறங்கினாலோ இன்னும் ஒரு வெயில் வேண்டும். காய்ந்த கணு படக்கென்று ஒடியும். ஈரத்தோடு அடுக்கிய போர் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். அந்த வாடைக்கே மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தின்றுவிட்டாலும் உடம்புக்கு ஆகாது.

இடம் மேடாக இருக்கட்டும். மரத்தடி வேண்டாம், மழை விட்ட பிறகும் கிளை சொட்டிக்கொண்டே இருக்கும். அடுப்படிக்குப் பக்கத்திலும் மின்கம்பிக்குக் கீழேயும் போடவே கூடாது. தரையில் நேராகப் போட்டால் கரையானும் ஈரமும் ஏறும். நாங்கள் பழைய தென்னந்துண்டுகளைக் குறுக்கே போட்டு, அதன்மேல் பனைமட்டை பரப்பி, ஓரத்தில் கருவேல முள்ளைச் செருகுவோம். முள் எலிக்காக.

இனி அடுக்கு. நாலு பக்கமும் ஓரத்தை வைத்துக்கொண்டு வந்து, பிறகு நடுவை நிரப்புங்கள். நடு எப்போதும் ஓரத்தைவிட ஒரு முழமாவது உயர்ந்திருக்க வேண்டும். வைக்கோல் தாளின் வெளிமுனை கீழ்நோக்கிச் சரிந்தால்தான் மழைத்தண்ணீர் தாளோடு வழிந்து வெளியே சொட்டும். நடு பள்ளமானால் தாள் உள்பக்கம் சரிந்து தண்ணீரை வயிற்றுக்குள் இழுத்துவிடும். சித்தப்பா ஓரத்தில் கால் வைக்கவே மாட்டார். நடுவில் சுற்றிச் சுற்றி மிதித்துக்கொண்டே, "அம்மாடி, நடு இறங்குது பாரு, இன்னும் ரெண்டு கை கொண்டா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஓரம் மிதிபடாமல் தளர்வாக நிற்பதும், நடு இறுகிக் கெட்டியாவதும்தான் கணக்கு. ஓரத்தில் மிதித்தால் போர் ஒருபக்கம் தொந்தி தள்ளிச் சாயும்.

ஆள் உயரம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஒடுக்குங்கள். உச்சிக்கு நீளமான, ஒடியாத வைக்கோலாகத் தனியே எடுத்து வைத்திருங்கள். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயரமாக வளரும் நெல்லின் தாள் இதற்கு அருமை. கூரை வேய்வதுபோல் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக விரித்து, வைக்கோலையே கயிறுபோல் பிரியாகத் திரித்துக் குறுக்கே போட்டு, இரு முனையிலும் செங்கல் கட்டித் தொங்கவிடுங்கள். சித்திரைக் கோடைமழை காற்றோடு வரும்போது உச்சியைக் காப்பது இந்தப் பிரிதான். ஒரு வாரத்தில் போர் அமுங்கும், உச்சியில் குழி விழுந்திருந்தால் நிரப்பி மறுபடி கட்டுங்கள்.

மேலே பட்டால் அரிக்கும் வைக்கோல் சுணை பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. வேலைக்குப் போகுமுன் கை கழுத்தெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவி, முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டுங்கள். நடுவில் நீராகாரமும் சின்ன வெங்காயமும் போதும். வயிறு முட்டத் தின்றால் போர் மேல் ஏற முடியாது.

இப்போது நிறைய வயல்களில் மிஷின் அறுத்து, மிஷினே வைக்கோலை உருளையாகவும் கட்டிவிடுகிறது. அதைக் குறை சொல்லமாட்டேன், ஆள் கிடைப்பதில்லை. ஆனால் கட்டுமுன் அந்தக் கணு சோதனையைச் செய்யுங்கள். உருளையில் மழைத்தண்ணீர் வழிந்தோடச் சரிவு கிடையாது, கூரைக்குள்தான் வைக்க வேண்டும்.

வைக்கோலில் சத்து குறைவுதான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்துக் கொடுக்கும் முறை இருக்கிறது. கன்றுக்குட்டிக்குக் கொடுக்கக் கூடாது, அளவும் கூடக் கூடாது. முதல் தடவை கால்நடை டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

போரிலிருந்து எடுக்கும்போது மழைச்சாரல் அடிக்காத ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக உருவிக்கொண்டே வாருங்கள். கைக்கு எட்டிய இடத்தில் குடைந்தால் மேல்பாரம் ஆள்மேல் சரியும். கையை விடுமுன் குச்சியால் நாலு தட்டுத் தட்டுங்கள். வெயில் காலத்தில் பாம்பு ஒதுங்குவது அங்கேதான். இருட்டில் வைக்கோல் பிடுங்க வேண்டிய நிலை வராமல், மறுநாள் காலைக்கு வேண்டியதை முந்தின சாயங்காலமே எடுத்துத் தொழுவத்தில் வைத்துவிடுங்கள்.