அறக்கட்டளையா, சங்கமா, பிரிவு 8 நிறுவனமா: தமிழ்நாட்டில் தொண்டு அமைப்பைப் பதிவு செய்யும் முறை

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஊர் ஏரியைத் தூர்வாருகிறார்கள், அல்லது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மாலைநேர வகுப்பு நடத்துகிறார்கள் என்றால், தொடக்கத்தில் அவர்களுக்குப் பதிவைப் பற்றிய நினைப்பே வருவதில்லை. வசூலான பணம் அவர்களில் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் சேர ஆரம்பித்து, நன்கொடையாளர் ஒருவர் முறையான ரசீது கேட்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. அப்போது பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, எந்த அமைப்புக்குச் செலவு குறைவு என்பது. அதைவிட முன்னதாகக் கேட்க வேண்டியது வேறொன்று: பத்து ஆண்டுகள் கழித்துக் கருத்து வேறுபாடு வந்தால், முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும், அவரை மாற்றும் உரிமை யாருக்கு இருக்க வேண்டும்?

அந்த அதிகாரம் நிறுவனரிடமும் அவர் நம்பும் சிலரிடமும் நிலைத்திருக்க வேண்டும் என்றால் அறக்கட்டளை பொருந்தும். நிறுவனர் ஒரு சிறு தொகையை மூலநிதியாக ஒதுக்கி, நோக்கங்களையும் அறங்காவலர்களையும் குறிப்பிட்டு எழுதும் பத்திரமே அதன் அடிப்படை. தேர்தல் இல்லை; அறங்காவலர்கள் ஆயுட்காலம் முழுவதும் பதவியில் இருக்கும்படிகூட எழுதிக்கொள்ளலாம். குடும்பத்தார் பெற்றோர் நினைவாகக் கல்வி உதவி வழங்க இது எளிய வழி. ஆனால் அறங்காவலர் ஒருவர் பணத்தைத் தவறாகக் கையாண்டால் அவரை வெளியேற்றும் வழி பத்திரத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி, அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவராவது நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடுக்க வேண்டிவரும். இங்கு எழுதப்படும் பத்திரங்கள் பலவற்றில் ‘1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்படி’ என்ற சொற்றொடர் வழக்கமாக இடம்பெறுகிறது. அந்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கு உரியது. மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோலப் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லாததால், பத்திரத்தின் வாசகமே இங்கு பெரும் எடை பெறுகிறது.

பலர் சமமாகச் சேர்ந்து நடத்தும் முன்னாள் மாணவர் மன்றம், குடியிருப்போர் நலச் சங்கம், விளையாட்டுக் கழகம் போன்றவற்றுக்குச் சங்கமே இயல்பான வடிவம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். பொதுக்குழு உறுப்பினர்கள் செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. இந்த ஜனநாயகத்துக்கு ஒரு விலை உண்டு. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், தணிக்கை செய்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் அளிக்க வேண்டும், நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 தாக்கல் செய்ய வேண்டும். சங்கங்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்: முதல் செயலாளர் வெளியூர் போகிறார், படிவம் 7 தாக்கல் ஆவதில்லை, சில ஆண்டுகள் கழித்து இரண்டு அணிகள் ‘நாங்களே உண்மையான செயற்குழு’ என்று வங்கியில் நிற்கும்போது, வங்கி கணக்கை முடக்கிவிடுகிறது.

பிரிவு 8 நிறுவனம் என்பது 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ், ஆதாயத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தராத உறுதியுடன் உரிமம் பெற்று அமைக்கப்படுவது. தனியார் நிறுவனமாக அமைத்தால் இருவர் போதும். இயக்குநர்களுக்கு மின்னணுக் கையொப்பமும் அடையாள எண்ணும் வேண்டும். விண்ணப்பம் முழுவதும் மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளம் வழியே செல்கிறது. கணக்கும் ஆண்டறிக்கையும் ஆண்டுதோறும் தவறாமல் தாக்கலாக வேண்டும், தாமதத்துக்கு நாள்கணக்கில் கூடுதல் கட்டணம் உண்டு. பல மாநிலங்களில் பணி, பெரு நிறுவனங்களின் நிதி, சம்பளப் பணியாளர்கள் என்று திட்டமிடுவோருக்கு இது தகும். ஓர் ஊரில் ஒரு நூலகம் நடத்த இதை எடுப்பது, என் பார்வையில், ஆடிட்டர் கட்டணத்துக்காகவே தனியாக நன்கொடை திரட்டும் நிலையில்தான் கொண்டுபோய் விடும்.

வடிவம் முடிவானபின் அதிக நேரம் செலவிட வேண்டியது பத்திரத்தின் அல்லது சங்க விதிகளின் வாசகத்தில்தான். ஆவண எழுத்தரிடம் இருக்கும் பழைய மாதிரியை அப்படியே பெயர் மாற்றி எழுதிக்கொள்வது வழக்கம். அந்த மாதிரியில் முதியோர் இல்லம் முதல் கோசாலை வரை முப்பது நோக்கங்கள் இருக்கும், நீங்கள் செய்ய நினைப்பது மட்டும் தெளிவாக இருக்காது. நோக்கங்களை நான்கைந்தாகச் சுருக்கி, உண்மையில் செய்யப்போவதை எழுதுங்கள். அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது என்ற ஷரத்தும், கலைக்கப்பட்டால் மீதிச் சொத்து உறுப்பினர்களுக்கோ நிறுவனர் குடும்பத்துக்கோ போகாமல் அதே நோக்கமுள்ள மற்றொரு தொண்டு அமைப்புக்கே சேரும் என்ற ஷரத்தும் இருக்க வேண்டும். வருமான வரித்துறை முதலில் தேடுவது இவற்றைத்தான். குறிப்பிட்ட ஒரு சாதியினருக்கோ மதத்தினருக்கோ மட்டும் உதவி என்று எழுதிவிட்டால் வரிச் சலுகை கிடைப்பது கடினம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான அமைப்புகளை மட்டும் சட்டம் இந்தத் தடையிலிருந்து விலக்குகிறது. காலியாகும் அறங்காவலர் பதவியை நிரப்புவது எப்படி, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தால் போதும், காசோலையில் யார் யார் கையெழுத்திடுவது என்பனவும் விட்டுப்போகக் கூடாதவை. காசோலைக்கு இருவர் கையெழுத்து என்று வைத்துக்கொள்வது நட்பைக் காப்பாற்றும்.

அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனர் நேரில் சென்று, இரு சாட்சிகளுடன் பதிவு செய்கிறார். மூலநிதியாக நிலமோ கட்டடமோ தரப்பட்டால் பதிவு கட்டாயம் என்பதோடு, அந்தச் சொத்து எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த அலுவலகத்துக்குத்தான் செல்ல வேண்டும். முத்திரைத் தீர்வை அவ்வப்போது மாறுவதால், பதிவுத்துறையின் இணையதளத்தில் அன்றைய வீதத்தைப் பார்த்துவிட்டு முத்திரைத்தாள் வாங்குவது நல்லது. சங்கத்துக்கு மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பம், சங்கத்தின் நோக்கக் குறிப்பு, விதிகள், உறுப்பினர் பட்டியல், அலுவலக முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். வாடகை இடமானால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பதிவு முடிந்ததும் அமைப்பின் பெயரில் பான் அட்டை, பிறகு தீர்மானத்துடன் வங்கிக் கணக்கு. பதிவு செய்துவிட்டாலே வரிவிலக்கு கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு. அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் அமைப்பின் வருமானத்துக்கு 12ஏபி பிரிவும், நன்கொடையாளருக்கான சலுகைக்கு 80ஜி பிரிவும் இருந்தன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, எனினும் பேச்சு வழக்கில் பழைய எண்களே நிலைத்திருக்கின்றன. பணி தொடங்குவதற்கு முன் விண்ணப்பிப்பவர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கான தற்காலிகப் பதிவே கிடைக்கிறது. பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்பு, இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கெடுவைப் பத்திர நகலின் மேலேயே குறித்து வைப்பது நல்லது. ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கங்களுக்காகச் செலவிட வேண்டும் என்பது பொது விதி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு 80ஜி சலுகை கிடைக்காது.

வெளிநாட்டு நிதியைப் பற்றி முதல் ஆண்டிலேயே யோசிக்க வேண்டியதில்லை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற, அமைப்பு மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அந்த ஆண்டுகளில் தன் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் திறக்கப்படும் கணக்குக்கு மட்டுமே வர முடியும். துபாயில் வேலை பார்க்கும் நண்பர் இந்தியக் குடிமகனாக இருந்து தன் சொந்தச் சேமிப்பை வழக்கமான வங்கி வழியே அனுப்பினால் அது இந்தச் சட்டத்துக்குள் வராது. அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால் வரும். எனவே பணத்தை ஏற்கும் முன் அவருடைய பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.