கொமாவா, செமிகோலனா? ஆங்கில வசனத்துக்கு ஒரு பென்சில் வழி

கிளிநொச்சியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டுரைக் கொப்பிகளில் என் சிவப்புப் பேனை அதிகம் ஓடுவது இந்த இடத்தில்தான். எழுவாய், பயனிலை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேரே விசயத்துக்கு வருகிறேன்.

முதலில், கொமா போட நினைக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழியுங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது தனி வசனமாக நிற்குமா? வலப்பக்கமும் நிற்குமா? இரண்டும் நின்றால் வெறும் கொமா போதாது.

'த டாங்க் இஸ் ஃபுல், த கேட்ஸ் ஆர் ஓபின்.' இது பிழை. 'இரணைமடுக் குளம் நிரம்பிவிட்டது, வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள்' என்று தமிழில் எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். கொமாதான் வேண்டுமென்றால் அதன்பின் 'அண்ட்' சேருங்கள். 'அண்ட்' வேண்டாமென்றால் செமிகோலன் போடுங்கள்: 'த டாங்க் இஸ் ஃபுல்; த கேட்ஸ் ஆர் ஓபின்.' அடுத்த சொல் சிறிய எழுத்தில் தொடங்கும். முற்றுப்புள்ளியும் சரிதான், ஆனால் இரண்டு செய்தியும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் செமிகோலனே அழகு. 1490களில் வெனிஸ் அச்சகர் அல்டஸ் மனூடியஸ் இதை அச்சில் கொண்டுவந்ததும் கொமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் இடைப்பட்ட ஒரு நிறுத்தத்துக்காகத்தான்.

கொமாவோடு இப்படி இணைக்கும் சொற்கள் ஏழு: ஃபோர், அண்ட், நோர், பட், ஓர், யெட், சோ. பாடமாக்குங்கள்.

இனித்தான் வில்லங்கம்: 'ஹவெவர்.' கருத்தில் 'பட்' போலவே இருப்பதால் கெட்டிக்காரப் பிள்ளைகளும் அதன் முன்னால் கொமா போடுகிறார்கள். அந்தச் சொல்லை நகர்த்திப் பாருங்கள். 'த கேட்ஸ் ஆர் க்ளோஸ்ட், ஹவெவர்' என்று கடைசிக்குத் தள்ளலாம். 'பட்' அப்படி நகராது. நகரும் சொல்லால் இரண்டு வசனங்களைக் கட்டிவைக்க முடியாது. ஆகவே முன்னால் செமிகோலன், பின்னால் கொமா: 'த டாங்க் இஸ் ஃபுல்; ஹவெவர், த கேட்ஸ் ஆர் க்ளோஸ்ட்.' 'தெயர்ஃபோர்' வந்தாலும் இதே முறைதான்.

பட்டியலில் ஏற்கெனவே கொமா இருந்தால் உருப்படிகளைச் செமிகோலனால் பிரியுங்கள்: 'வீ ஸ்டொப்ட் அட் ஓமந்தை, வவுனியா; மாங்குளம், முல்லைத்தீவு; அண்ட் பரந்தன், கிளிநொச்சி.' ஒவ்வோர் ஊருக்கும் பின்னால் அதன் மாவட்டம் வருகிறது. எல்லாவற்றுக்கும் கொமா போட்டால் ஏ9 வீதி தெரியாதவர் ஆறு ஊர்களில் இறங்கியதாக நினைப்பார்.

கைபேசித் திருத்தச் செயலிகளை ஆரம்பத்தில் பாவிக்கவே வேண்டாம் என்பேன். குறியை மாற்றித் தந்துவிடும், ஏன் மாறியது என்று பிள்ளை யோசிக்காது. பரீட்சை மண்டபத்தில் பென்சில் மட்டும்தான் கூட வரும்.

பின்சேர்க்கை: இதை வாசித்த சிலர் 'ஹவெவர்' வந்தாலே செமிகோலன் போடத் தொடங்கிவிட்டார்கள். 'த கேட்ஸ், ஹவெவர், ஆர் க்ளோஸ்ட்' என்பது ஒரே வசனம். இரு பக்கமும் கொமாதான். 'பிகோஸ்' பற்றியும் கேட்டிருந்தார்கள். 'பிகோஸ் இட் ரெயின்ட்' தனியே நிற்காது, அதனால் அதன் முன்னால் செமிகோலன் வராது. அதையே வசனத்தின் தொடக்கத்தில் வைத்தால் முடிவில் கொமா போடுங்கள்: 'பிகோஸ் இட் ரெயின்ட், த டாங்க் இஸ் ஃபுல்.'