பலர் அலசிய பூங்காவில் பழைய நாணயம் தேடும் முறை

அமெரிக்க நகரப் பூங்காவுக்கு மெட்டல் டிடெக்டரை எடுத்துச் செல்லுமுன் உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி விதிகளைக் கேட்டறிய வேண்டும். பலர் அலசிய நிலத்தில் எஞ்சியிருக்கும் நாணயங்களுள் பல, ஆணி, குளிர்பான டப்பாவின் இழுவளையம் போன்ற குப்பையின் ஒலியில் மறைந்தவையே என்பதால், ஆழம் சற்றுக் குறைந்தாலும் டிடெக்டரின் அடியில் உலோகத்தை உணரும் வட்டச் சுருளில் சிறியதையே பொருத்தி, ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூடும்படி மிக மெதுவாக நகர்த்தி, அதே இடத்தைக் குறுக்குத் திசையிலும் தேடுங்கள். டிடெக்டரில் குப்பையின் ஒலியை வடிகட்டும் அமைப்பைக் குறைத்தே வையுங்கள். ஐந்து சென்ட் நாணயம் இழுவளையத்தைப் போலவே ஒலிக்கும் என்பதால், பொறுமையைச் சோதிக்கும் வேலைதான் இது. 1946 முதல் 1964 வரை அச்சான ரூஸ்வெல்ட் உருவம் பொறித்த பத்து சென்ட் நாணயத்தில் 90 சதவீதம் வெள்ளி உண்டு. கிடைத்ததைத் தேய்க்காமல் நீரில் மட்டும் அலசி, பெயர்த்த புல்லை வேர்மண்ணோடு பழையபடி பொருத்திவிடுங்கள்.