கிரேக்கர் யார், புறஜாதியார் யார்: அப்போஸ்தலர் நடபடிகளை வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேதுரு யூதருக்குப் பிரசங்கித்தார், பவுல் புறஜாதியாருக்கு, அதாவது யூதரல்லாதவர்களுக்குப் பிரசங்கித்தார் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வேதபாட வகுப்புகளில் பழகிப்போன ஒன்று. கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் பவுலே இப்படியொரு பணிப் பகிர்வைக் குறிப்பிடுவதால், இதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆதி சபையின் வரலாற்றைச் சொல்லும் நடபடிகளைத் திறந்தால், செசரியாவில் கொர்நேலியு என்னும் ரோம நூற்றுக்கு அதிபதியின் வீட்டுக்குள் போய்ப் பேசுகிறவர் பேதுரு. ஊருக்கு ஊர் முதலில் யூதரின் ஜெப ஆலயத்தைத் தேடிப் போகிறவர் பவுல். யூதர், புறஜாதியார் என்ற இரண்டு பெயர்களுக்கும் நடுவே நின்ற மனிதர்களைக் காணத் தவறுவதுதான், என் பார்வையில், இந்தப் புத்தகத்தை வாசிப்பதில் நேரும் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

முதல் தவறுக்கு நம் மொழிபெயர்ப்பே ஓரளவு காரணம். 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், பந்தி விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுத்தவர்களைப் பழைய தமிழ் வேதாகமம் 'கிரேக்கரானவர்கள்' என்கிறது. இதை வாசிக்கிறவர்கள், எருசலேம் சபையில் அப்போதே புறஜாதியார் திரளாக இருந்தார்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். மூலத்தில் உள்ள சொல் கிரேக்க மொழி பேசியவர்களைக் குறிக்கிறது, அவர்கள் யூதர்களே. அதே அதிகாரத்தில் இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. தெரிந்துகொள்ளப்பட்ட 7 பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். ஆனால் கடைசியில் வரும் நிக்கொலாவை மட்டும் யூதமார்க்கத்தில் அமைந்தவர், அதாவது வேறு இனத்திலிருந்து யூத சமயத்துக்கு வந்தவர் என்று நடபடிகளை எழுதிய லூக்கா தனித்துச் சொல்கிறார். மற்ற 6 பேரும் பிறப்பால் யூதர்கள் என்பதால்தான் அந்த ஒருவருக்கு மட்டும் அந்தக் குறிப்பு தேவைப்பட்டது. 11:20-இல் அந்தியோகியாவில் 'கிரேக்கருடனே' பேசினார்கள் என்று வரும் இடம் வேறு. அங்கே கையெழுத்துப் பிரதிகளுக்குள்ளேயே சொல் மாறுபடுகிறது என்றாலும், முந்தைய வசனம் 'யூதர்களுக்கு மாத்திரம்' என்று சொல்லி நிறுத்துவதால், இவர்கள் யூதரல்லாதவர்கள் என்பது தெளிவாகிறது. அந்த வேலையைத் தொடங்கியவர்கள் சீப்புரு தீவையும் சிரேனே பட்டணத்தையும் சேர்ந்த சிலர். அவர்களுடைய பெயர்கூட நமக்குச் சொல்லப்படவில்லை.

'புறஜாதி' என்ற சொல்லில் உள்ள 'ஜாதி' இன்று நம் காதில் சாதி என்றே விழுகிறது. மூலச்சொல்லின் பொருள் மக்களினங்கள் என்பது மட்டுமே. திருவிவிலியம் என்னும் புதிய தமிழ் மொழிபெயர்ப்பின் 'பிற இனத்தார்' இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது.

நடுவே நின்றவர்களில் முக்கியமானவர்கள், பவுல் 'தேவனுக்குப் பயந்து நடக்கிறவர்களே' என்று அழைத்தவர்கள். பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் நடந்ததைக் கவனித்துப் பாருங்கள். ஓய்வுநாளில் பவுலும் பர்னபாவும் ஜெப ஆலயத்துக்குள் போய் உட்காருகிறார்கள். மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனமும் வாசித்து முடிந்தபின், ஜனங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று ஆலயத் தலைவர்கள் ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். பவுல் எழுந்து, கையமர்த்தி, 'இஸ்ரவேலரே, தேவனுக்குப் பயந்து நடக்கிறவர்களே' என்று இரண்டு கூட்டத்தாரையும் சேர்த்து அழைத்துத் தொடங்குகிறார். பேச்சின் நடுவிலும் அப்படியே பிரித்து அழைக்கிறார். இந்த இரண்டாம் கூட்டத்தார் விருத்தசேதனம் செய்து முழுமையாக யூதரானவர்கள் அல்லர். ஆனால் இஸ்ரவேலின் தேவனை வணங்கி, வேத வாசிப்பைக் கேட்டுப் பழகியவர்கள். இன்றைய துருக்கியிலுள்ள அப்ரோதிசியாவில் 1976-இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்வெட்டு, அப்போஸ்தலர் காலத்துக்குப் பிந்தியது என்றாலும், யூதர்களுடைய பெயர்களுக்கு அடுத்து இப்படிப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தனியே வரிசைப்படுத்துகிறது. பவுல் ஜெப ஆலயத்துக்குப் போனதை வெறும் சம்பிரதாயம் என்று சொல்கிறவர்கள், புறஜாதியார் பலர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. அதற்காக இவர்கள் எல்லாரும் பவுலின் பக்கம் சாய்ந்தார்கள் என்று எண்ணுவதும் பிழை; அதே ஊரில் அவருக்கு விரோதமாகத் தூண்டிவிடப்பட்டவர்களில் 'பக்தியும் கனமுமுள்ள' ஸ்திரீகளும் இருந்தார்கள்.

பிரசங்கங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்காமல் ஒரே அச்சில் வார்த்தவைபோல வாசிப்பது அடுத்த தவறு. அந்தியோகியாவில் எகிப்து, சவுல் ராஜா, தாவீது, சங்கீதங்கள் என்று இஸ்ரவேலின் வரலாறே பேச்சாகிறது. அடுத்த அதிகாரத்தில் லீஸ்திராவில், நடக்கமாட்டாதவன் ஒருவன் எழுந்து நடந்ததைக் கண்ட ஜனங்கள் தங்கள் லிக்கவோனியா பாஷையில் கூவி, பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் தங்கள் தேவர்களின் பெயரால் சொல்ல, பூசாரி எருதுகளோடும் பூமாலைகளோடும் வந்துவிடுகிறான். அங்கே பவுல் தாவீதின் பெயரை எடுப்பதில்லை; லூக்கா பதிந்துள்ள அந்தச் சில வரிகளில் இயேசுவின் பெயரும் இல்லை. வானத்தையும் பூமியையும் படைத்தவர், மழையையும் செழிப்பான காலங்களையும் தந்தவர் என்றுதான் பேச்சு போகிறது. வேதத்தை அறியாதவர்களிடம் வேத வசனத்தைச் சான்றாகக் காட்ட முடியாது, மழையைக் காட்டலாம். ஆனாலும் வீணான தேவர்களை விட்டு ஜீவனுள்ள தேவனிடம் திரும்புங்கள் என்ற அழைப்பில் எந்தத் தளர்வும் இல்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்திலும், விக்கிரகங்களை விட்டுத் திரும்பியவர்கள் என்றே பவுல் அவர்களை நினைவுகூர்கிறார்.

அத்தேனே (ஏதென்ஸ்) பேச்சு தோல்வியில் முடிந்தது, அதனால்தான் கொரிந்துவில் பவுல் தத்துவத்தை விட்டுச் சிலுவையை மட்டும் பேச முடிவெடுத்தார் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. 1 கொரிந்தியர் 2:2-ஐ நடபடிகள் 17-ஓடு ஒட்டவைத்துப் பின்னிய கதை இது. லூக்காவின் எழுத்தில் இதற்கு இடமில்லை: மார்ஸ் மேடையின் நியாயாதிபதிகளில் ஒருவரான தியொனீசியு, தாமரி என்னும் ஸ்திரீ, வேறு சிலர் என்று விசுவாசித்தவர்களைப் பெயரோடு குறிப்பிடுகிறார். கேட்போருடைய கவிஞரையே பவுல் அங்கே சாட்சிக்கு அழைக்கிறார். 'நாம் அவருடைய சந்ததியார்' என்ற வரி, பவுலின் சொந்த நாடான கிலிக்கியாவைச் சேர்ந்த அராத்து என்னும் கவிஞர் சேயுஸ் தேவனைக் குறித்துப் பாடியது. இன்னொன்றும் கவனத்துக்குரியது: அத்தேனேயிலும் பவுல் சந்தைவெளியில் பேசியதோடு ஜெப ஆலயத்தில் யூதரோடும் பக்தியுள்ளவர்களோடும் சம்பாஷித்தார் என்று 17:17 சொல்கிறது.

இந்தப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்த பதிவுகளாகக் கொள்ளவும் கூடாது. வாசித்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாதவை அவை. துரோவாவில் நடுராத்திரிவரை நீண்ட பிரசங்கத்தில் ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை, தூங்கி விழுந்த ஐத்திகு மட்டுமே நினைவில் நிற்கிறான்.

சவுல் மனந்திரும்பியபோது பவுல் ஆனார் என்பது சிறு பிழைதான், ஆனால் விடாப்பிடியானது. தமஸ்கு வழியில் பெயர் மாறவில்லை. 13:9 வரை அவர் சவுலாகவே அழைக்கப்படுகிறார். ஒன்று யூதப் பெயர், மற்றது ரோமப் பெயர். சீப்புருவில் ரோம அதிபதியின் முன் நிற்கும் இடத்தில் லூக்கா இரண்டாவதற்கு மாறுகிறார்.

'இதோ, நாங்கள் புறஜாதியாரிடத்தில் போகிறோம்' என்று பவுல் சொல்வதை, யூதரை அவர் கைவிட்ட நாளாக எடுத்துக்கொள்வது இவற்றிலெல்லாம் தீங்கு மிகுந்த தவறு. பிற்காலத்தில் யூத வெறுப்புக்கு இப்படிப்பட்ட வாசிப்புகள் துணைபோயின. அந்த வார்த்தை சொல்லப்பட்டது பிசீதியா அந்தியோகியாவில். அடுத்த ஊரான இக்கோனியாவிலேயே பவுல் ஜெப ஆலயத்தில்தான் இருக்கிறார். கொரிந்துவில் வஸ்திரத்தை உதறிவிட்டு வெளியேறியவர் போய்ச் சேர்ந்த யுஸ்துவின் வீடு, ஜெப ஆலயத்தை அடுத்திருந்தது. அந்த ஆலயத் தலைவனான கிறிஸ்பு தன் வீட்டார் அனைவரோடும் விசுவாசித்தான்.

எருசலேமில் கூடிய ஆலோசனைச் சங்கம் நியாயப்பிரமாணத்தை எல்லாருக்கும் ரத்து செய்தது என்பதும் சரியன்று. அங்கே எழுந்த கேள்வி, புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணி மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்பது மட்டுமே. எருசலேம் சபையின் தலைவர்களில் ஒருவரான யாக்கோபு ஆமோஸின் தீர்க்கதரிசனத்தைக் காட்டித் தீர்ப்புச் சொல்கிறார். நம் ஆமோஸ் 9:12-ஐப் புரட்டினால் 'ஏதோமில் மீதியானவர்கள்' என்றிருக்கும். யாக்கோபின் வாயிலோ 'மற்ற மனுஷரும்' என்று வருகிறது. பிழையென்று பதற வேண்டாம். ஏதோம், ஆதாம் என்னும் இரண்டு சொற்களும் எபிரேயத்தில் ஏறக்குறைய ஒரே எழுத்துகளால் ஆனவை. நடபடிகள் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பைப் பின்பற்றுகிறது. தீர்ப்பின்படி புறஜாதியாருக்கு விதிக்கப்பட்டவை 4 விலக்குகள். யூத விசுவாசிகளோ நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமுள்ளவர்களாகவே தொடர்ந்தார்கள், அதுவும் அநேகமாயிரம் பேராக என்று 21:20 சொல்கிறது.

ரோமாபுரியில் நடக்கும் கடைசிக் காட்சியிலும், இரட்சிப்பு புறஜாதியாருக்கு அனுப்பப்பட்டது என்று பவுல் சொல்வதற்கு நான்கு வசனம் முன்னதாக, அன்று அவரைக் கேட்ட யூதர்களில் சிலர் விசுவாசித்தார்கள் என்று லூக்கா எழுதிவைக்கிறார். அதன்பின் இரண்டு வருஷமளவும் வாடகை வீட்டில் குடியிருந்த பவுல் யாரை ஏற்றுக்கொண்டார் என்பதற்கு லூக்கா பயன்படுத்தும் சொல், தன்னிடத்தில் வந்த 'யாவரையும்' என்பதே.