பேசும் முன் பின்சுவரைப் பாருங்கள்

மேடையிலோ வீடியோவிலோ உங்கள் தொழிலைப் பற்றிப் பேசப் போகிறீர்களா? பேச்சைத் தயார் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் அமெரிக்க அதிபர் தேர்தல் வேட்பாளர்கள் கென்னடியும் நிக்ஸனும் மோதிய தொலைக்காட்சி விவாதத்தை இணையத்தில் தேடி ஒரு முறை பாருங்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

முழங்கால் தொற்றால் மருத்துவமனையில் இருந்து, எடை குறைந்து வந்திருந்தார் நிக்ஸன். வெளிறிய சாம்பல் கோட்டு, பின்சுவரும் சாம்பல். கறுப்பு வெள்ளைத் திரையில் ஆள் சுவரோடு கலந்துவிட்டார். முறையான ஒப்பனை வேண்டாம் என்று, தாடி நிழலை மறைக்கப் பவுடர் மட்டும் பூசியிருந்தார். விளக்குச் சூட்டில் மோவாயில் வியர்வை பளபளத்தது. கென்னடியோ அடர்நிறக் கோட்டில் பளிச்சென்று தெரிந்தார், கேமராவைப் பார்த்தே பேசினார். ஏழு ஆண்டுகளுக்கு மேல் துணை அதிபராக இருந்தவர் நிக்ஸன். அந்த அனுபவம் திரையில் எடுபடவே இல்லை. எனக்கு இன்றும் வருத்தம் தரும் காட்சி அது.

சரி, நாம் என்ன செய்யலாம்? நிற்கப்போகும் அதே இடத்தில், அதே உடையில், அதே வெளிச்சத்தில் ஒரு நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். அதைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, உங்களை அதிகம் அறியாத ஒருவரிடம் "இவரைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். "களைப்பாக இருக்கிறார்" என்றால் விளக்கை முகத்துக்கு நேராக நகர்த்துங்கள். உடை சுவரோடு கலந்தால் உடையை மாற்றுங்கள். அப்புறம், உடம்பு சரியில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடத் தயங்கவே வேண்டாம்.