சாம்பல் மூடி டியூபில் எடுத்தால் போதுமா?

குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தம், முகாம் முடிந்து, பஸ் பிடித்து, வேலூரில் லேபுக்கு வந்து சேரப் பத்து மணி ஆகிவிடும். கத்திரி வெயில் காலம் என்றால் கேட்கவே வேண்டாம். சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு வரும் பயோகெமிஸ்ட்ரி மாணவர்கள் பலர் இந்த மூன்று மணி நேரத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

டியூபுக்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். வெறும் வயிற்றில் 130 இருந்தவருக்கு மூன்று மணி நேரத்தில் 108 வரை இறங்கிவிடலாம். சர்க்கரை நோய் என்று சொல்வதற்கான எல்லைக்கோடு 126. நோயாளி ஒருவர் நம் அட்டவணையில் நோயில்லாதவர் ஆகிவிட்டார்.

"ப்ளோரைடு டியூபில்தான் சார் எடுத்தேன்" என்பார்கள். குளுக்கோஸ் குறையாமல் இருக்க ப்ளோரைடு போட்டு வரும் சாம்பல் மூடி டியூப் அது. சரி, ப்ளோரைடு எதைத் தடுக்கிறது? ஈனோலேஸ் என்ற என்சைமை. இதை வைவாவில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் செல் குளுக்கோஸை உடைக்கிற பத்துப் படி வேலையான கிளைக்காலிசிஸில் ஈனோலேஸ் ஒன்பதாவது படி. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் சன்னதியில் திரை போட்டாலும், வரிசை நிரம்பும் வரை வாசலில் ஆட்கள் உள்ளே வந்துகொண்டுதானே இருப்பார்கள்? அதுபோலத்தான், முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குளுக்கோஸ் குறைந்துகொண்டே போகும். எடுத்த உடனே ஐஸில் வையுங்கள். அரை மணிக்குள் அணுக்களிலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். முகாமுக்கு அதைப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜைத் தூக்கிக்கொண்டு போவது தொல்லைதான். தூக்கிக்கொண்டு போங்கள்.

இதில் பாதித் தவறு எங்களைப் போன்ற ஆசிரியர்களுடையது. பத்துப் படிகளையும் போர்டில் வரைந்து ஒப்பிக்க வைத்தோம். டியூபுக்குள் நடப்பதும் அதுதான் என்று காட்டவில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். ஒரே ரத்தத்தை நாலு டியூபில் பிரித்து மணிக்கு ஒன்றாக அளக்கச் சொன்னால், ஒரு பிராக்டிகல் வகுப்பில் புரிந்துவிடும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி-க்குத் தாவுகிறவர்களும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் அது பொய்யாகக் கூடிக் காட்டும். கிராமத்துப் பெண்களிடம் எடுக்கிறீர்கள் என்றால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

எலிக்குச் சர்க்கரை நோய் வரவைத்து மூலிகையைச் சோதிக்கும் ஆய்வில் இன்னொரு கூத்து. சீனியர் செய்த தலைப்பில் மூலிகையின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வது. நோய் வரவைக்கப் போடும் ஸ்ட்ரெப்டோசோடோசினை ஒரே தடவையாக அதிக அளவில் போட்டால், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் பெரும்பாலும் அழிந்துவிடும்; அது முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு நெருக்கமான நிலை. தீசிஸிலோ 'இரண்டாம் வகை' என்று இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கக் கிளிபென்கிளமைடு வேறு கொடுத்திருப்பார்கள். அது பீட்டா செல்லைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மருந்து. செல்லே இல்லாவிட்டால் எதைத் தூண்டும்?

அப்புறம் வேலை விஷயம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் பயோகெமிஸ்ட்ரி என்று தனிப் பாடம் கிடையாது. சிஎஸ்ஐஆர் நெட்டில் லைஃப் சயின்சஸ்தான் எழுத வேண்டும். சூழலியலும் பரிணாமமும் அதில் உண்டு; எம்.எஸ்சி. முதல் வருடத்திலேயே அவற்றைப் படிக்க ஆரம்பித்துவிடுங்கள்.