கார் லெதர் சீட்: சேலத்து வெயிலில் ஒரு மாதிரி, ஏற்காட்டு ஈரத்தில் வேறு மாதிரி

லெதர் சீட் உள்ள கார் வாங்கியவர்கள் எடுத்தவுடன் கேட்பது "எந்த கண்டிஷனர் நல்லது?" என்பதுதான். அது கடைசிக் கேள்வி. சீட் சீக்கிரம் கெடுவதற்கு வறட்சியைவிட அழுக்குதான் பெரிய காரணம். வியர்வையும் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் ரோட்டுத் தூசியும் ஒன்றாகக் குழைந்து சீட்டின் மேல் ஒரு படலமாக உட்கார்ந்துவிடும், அதன் மேல் நாம் ஏறி இறங்க ஏறி இறங்க மேல்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வரும். அந்தப் படலத்தை எடுக்காமல் கண்டிஷனர் போட்டால் பளபளப்பது அழுக்குதான். புது லெதர் சீட்டைப் பார்த்தால் தெரியும், அது மங்கலாகத்தான் இருக்கும். டிரைவர் சீட்டின் வெளிப்பக்கத் திண்டு மட்டும் மினுமினுவென்று இருந்தால் அது எண்ணெய்ப் பிசுக்கு, தரத்துக்கு அடையாளம் ஒன்றும் கிடையாது.

அடுத்தது, உங்கள் காரில் இருப்பது லெதர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் லெதர் சீட் என்று சொல்லித்தான் விற்பார்கள், பிரோஷரில் பொடி எழுத்தில் லெதரெட் என்று போட்டிருக்கும். லெதரெட் என்பது நாம் ரெக்சின் என்று சொல்வதன் கொஞ்சம் உயர்ந்த ரகம், துணியின் மேல் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூசியது. நிஜத் தோல் போட்ட கார்களிலும் முதுகும் தொடையும் படுகிற இடத்தில் மட்டும்தான் பெரும்பாலும் தோல் இருக்கும், பக்கவாட்டும் பின்புறமும் லெதரெட். அந்தத் தோலும் வெறும் தோலாக வருவதில்லை, நிறம் பூசி அதன் மேல் பாலியூரித்தேன் பூச்சு கொடுத்துத்தான் வருகிறது. சந்தேகமாக இருந்தால் மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். முத்து மாதிரி அப்படியே நின்றால் பூச்சுள்ள தோல் அல்லது லெதரெட். உள்ளே இழுத்து அந்த இடம் கறுத்துப்போனால் பூச்சில்லாத அனிலின் வகை. இது விலை உயர்ந்த சில கார்களில் மட்டும் வரும், தண்ணீர்கூட யோசித்துத்தான் காட்ட வேண்டும், அதற்கென்று விற்கும் கிளீனரைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். மற்ற இரண்டுக்கும் சுத்தம் செய்யும் முறை ஒன்றுதான்.

சாமான் அதிகம் வேண்டாம். லெதருக்கென்று விற்கும் கிளீனர் ஒரு பாட்டில், மைக்ரோஃபைபர் துணி நான்கைந்து, மென்மையான பிரஷ் ஒன்று. பாலிஷ் தொடாத புது ஷூ பிரஷ்ஷே போதும், குதிரைமுடி கிடைத்தால் இன்னும் நல்லது. ஒர்க்ஷாப்பில் துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் தையல் முனையும் சிக்கியிருக்கும் இரும்புத் தூளும் கீறிவிடும். கிளீனர் வாங்க மனமில்லை என்றால் அரை மக்கு தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு நாலு சொட்டு விட்டுக் கலக்கினால் பூச்சுள்ள சீட்டுக்கு ஓரளவு போதும். துணி சோப்பும் குளியல் சோப்பும் காரம், பி.எச். 9, 10 வரை போகும். பதனிட்ட தோல் அமிலப் பக்கம் இருப்பது, அதன் பி.எச். 4, 5 அளவில்தான். அடிக்கடி சோப்பு போட்டால் பூச்சு மங்கி, தையல் ஓட்டை வழியாக உள்ளே போகும் காரம் தோலை விறைப்பாக்கும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலத்தில் பல வீட்டு போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளைப் படிவு விடும். அதே தண்ணீரில் கறுப்பு சீட்டைத் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு பார்த்தால் ஓரமெல்லாம் வெள்ளை வளையம் வளையமாக இருக்கும், மறுபடி துடைத்தாலும் அதேதான் வரும். ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு லிட்டர் போதும். அதுவும் இல்லையா, பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். காலை ஏழு, எட்டு மணிக்கு நிழலில் நிறுத்திச் செய்யுங்கள். வெயிலில் நின்று கொதிக்கும் சீட்டில் கிளீனர் பட்டவுடன் காய்ந்து திட்டுத்திட்டாக நின்றுவிடும். முதல் வேலை வேக்கம். சீட்டை முழுக்க முன்னால் தள்ளி ஒரு முறை, பின்னால் தள்ளி ஒரு முறை, சாய்வும் இருக்கையும் சேரும் இடுக்கை விரலால் விரித்துப் பிடித்து உறிஞ்சுங்கள். மாமாங்கம், கருப்பூர் பக்கம் தினமும் போய் வருகிற வண்டிகளில் அந்த இடுக்கில் வெள்ளைக்கல், அதாவது அங்கே வெட்டியெடுக்கும் மேக்னசைட், தூசி மாவாகப் படிந்திருக்கும். தூசி இருக்கும்போதே ஈரத் துணியால் தேய்ப்பது சீட்டுக்கு உப்புத்தாள் போடுவதற்குச் சமம், அதனால் இந்த வேலையில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

கிளீனரை சீட்டின் மேல் அடிக்காதீர்கள், பிரஷ்ஷில் அடியுங்கள். ஓட்டை ஓட்டையாக உள்ள சீட் என்றால் இது கட்டாயம், நேரே அடித்தால் ஓட்டை வழியாக ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிடும், காற்று வரும் சீட்டாக இருந்தால் கீழே மின்விசிறியும் ஒயரும் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு துண்டு மட்டும், அதாவது தையலுக்கும் தையலுக்கும் இடைப்பட்ட ஒரு பகுதி. அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் நுரை வரும். வெளிர் நிற சீட் என்றால் வெள்ளை நுரை பழுப்பாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம், தையல் பள்ளத்தில் அது இன்னும் கருமையாக, பிசினாகத் திரண்டு நிற்கும். அந்த நுரை காய்வதற்குள் துடைத்து எடுக்க வேண்டும், காயவிட்டால் கிளம்பின அழுக்கு திரும்ப அதே இடத்தில் படியும். துணியை எட்டாக மடித்துக்கொண்டு ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். அப்புறம் ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை. டிரைவர் சீட்டுக்கு மட்டும் இரண்டு சுற்று ஆகும். தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் ஊறியிருந்தால் ஒரே நாளில் வராது, விடாப்பிடியாகத் தேய்க்காமல் அடுத்த வாரம் மறுபடி செய்யுங்கள்.

ஸ்டீயரிங்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காரிலேயே அழுக்கான லெதர் அதுதான். அதே முறைதான், ஆனால் அதற்குக் கண்டிஷனர் போட்டால் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும். கை வழுக்கினால் ஏற்காடு மலை ரோட்டின் இருபது கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான்கு கதவையும் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காயவிட்ட பிறகு கண்டிஷனர். லெதரெட்டுக்கு இது வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் எதையும் குடிக்காது. அதற்கு வேண்டுமானால் வெயிலைத் தாங்க, எண்ணெய்ப்பசை இல்லாத யு.வி. புரொடெக்டன்ட் ஒன்று பூசலாம். பூச்சுள்ள தோலிலும் கண்டிஷனர் பெரிதாக உள்ளே போகாது. சுருக்கம் விழுந்த இடத்திலும் தையலிலும் கொஞ்சம் இறங்கும், மேலே ஒரு மெல்லிய காப்பாக நிற்கும், உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். அதற்காகத்தான் போடுகிறோம். ஐந்து ரூபாய் நாணயம் அளவு துணியில் எடுத்து ஒரு சீட்டுக்குப் பரப்பி, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைக் காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். விரலை வைத்தால் ரேகை பதியக் கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை போதும், ஒன்று பங்குனி வெயில் ஏறுவதற்கு முன், இன்னொன்று ஆடி வாக்கில். சுத்தம் செய்வதுதான் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை வேண்டும், நடுவில் பத்து பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஈரத் துணியால் துடைத்தால் இந்தப் பெரிய வேலையே பாதியாகிவிடும்.

தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், வாஸ்லின் எதுவும் வேண்டாம். போட்ட அன்று அழகாகத்தான் இருக்கும், பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு சிக்கு வாடை அடிக்கும், வெள்ளை வேட்டியோடு ஏறியவர் இறங்கும்போது திட்டுவார். சானிடைசர், தின்னர், பெட்ரோல் மூன்றும் மேல்பூச்சையே கரைத்துவிடும். கறை எடுக்கும் வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்சும் அப்படித்தான், அது கறையை எடுப்பதே சுரண்டித்தான். வாட்டர் வாஷ் கொடுக்கும் இடங்களில் கேட்காமலேயே சீட்டுக்கு டேஷ்போர்டு பாலிஷ் அடித்து மினுக்கிக் கொடுப்பது உண்டு, வண்டியை விடும்போதே "சீட்டுக்கு எதுவும் போடாதீங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள்.

இனி கறைகள். ஏற்காடு போகிற வண்டியில் வாந்தி என்பது எப்போதாவது நடக்கிற விஷயம் கிடையாது. அடிவாரத்தில் பிள்ளைக்கு வயிறு நிறைய வாங்கிக் கொடுத்துவிட்டு பத்தாவது வளைவில் ஓரங்கட்டுகிற குடும்பத்தை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். வண்டியில் ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையோ பிளாஸ்டிக் கரண்டியோ, டிஷ்யூ கட்டும், ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்திருங்கள். முதலில் வழித்து எடுக்க வேண்டும், துடைத்தால் பரவும், தையலுக்குள் இறங்கும். பிறகு டிஷ்யூவை வைத்து ஒற்றி, ஈரத் துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுங்கள். வயிற்று அமிலம் வெயிலில் அங்கேயே காய்ந்தால் பூச்சில் மங்கல் தழும்பு விழும், அதனால் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வீட்டுக்கு வந்து முறையாக கிளீனர் போடுங்கள். சீட் பெல்ட்டையும் முழுக்க வெளியே இழுத்துத் துடையுங்கள், நாலு நாள் கழித்தும் நாற்றம் வந்தால் அநேகமாக அங்கிருந்துதான் வரும்.

தட்டுவடை செட்டை வண்டிக்குள் வைத்துத் தின்றால் சட்னியும் பீட்ரூட் துருவலும் சீட்டில் விழாமல் இருக்காது. இதுவும் ஒற்றி எடுக்க வேண்டியதுதான், உடனே செய்தால் பூச்சுள்ள சீட்டில் சுவடே இருக்காது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் நேர் எதிர். அவற்றில் ஈரம் படவே கூடாது, சந்தனம் காய்ந்து உதிரும் வரை விட்டு, குங்குமத்தை வேக்கத்தால் உறிஞ்சிவிட்டு, கடைசியாகத்தான் ஈரத் துணி. கடைக் குங்குமத்தில் சாயம் இருந்தால் தண்ணீர் பட்டதும் அது ஊறிவிடும். ஜீன்ஸ் சாயம் வெளிர் நிற சீட்டில் நீலமாக ஏறுவதும் அப்படித்தான், ஒரு மாதத்துக்குள் கிளீனரில் வரும், ஒரு வருடம் ஆனால் வராது. பேனா மை பட்டால் வீட்டில் முயற்சி வேண்டாம், மையைக் கரைப்பது எதுவோ அதுவே சீட்டின் நிறத்தையும் கரைக்கும்.

மலை மேல், ஏற்காட்டில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு விஷயமே வேறு. சுமார் 5,000 அடி உயரம், மழைக்காலத்தில் பனிமூட்டம் வாசல் வரை வந்து நிற்கும், ஷெட்டில் இரண்டு வாரம் எடுக்காமல் மூடி வைத்த வண்டியைத் திறந்தால் சீட்டில் சாம்பல் பூத்தது போல் பூசணம். காற்றில் ஈரப்பதம் எழுபது சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் அது வரத்தான் செய்யும். ஆனால் பூச்சின் மேல் வெறுமனே வராது, அதற்குத் தீனி வேண்டும், அந்தத் தீனி நம் வியர்வையும் எண்ணெயும் முறுக்குத் தூளும்தான். சுத்தமாக இருக்கும் சீட்டில் ஏனோதானோவென்றுதான் பிடிக்கும், தேங்காய் எண்ணெய் தடவிய சீட்டில் செழித்து வளரும்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் பூசணமும் கிடையாது. தோலில் உள்ள கொழுப்பு குளிரில் மேலே வந்து வெள்ளையாகப் பூப்பதும் உண்டு. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டுங்கள், மறைந்தால் கொழுப்பு, அப்படியே நின்றால் பூசணம். பூசணம் என்றால் முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, வண்டியை வெளியே எடுத்து, எல்லாக் கதவையும் திறந்துவைத்துத் துடையுங்கள். ஷெட்டுக்குள் வைத்துத் தட்டினால் அந்தத் தூள் காரின் கூரைத் துணி வரை போய் உட்காரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் லேசாக நனைத்து, மறைவான இடத்தில் நிறம் வருகிறதா என்று சோதித்துவிட்டு ஒற்றித் துடைக்கலாம். ஊறவிடக் கூடாது, சானிடைசர் மாதிரி இதுவும் ஆல்கஹால்தான், ஊறினால் மேல்பூச்சைக் கெடுத்துவிடும். அதன் பிறகு வழக்கமான சுத்தம், நன்றாகக் காய்ந்ததும் நிஜத் தோலாக இருந்தால் கொஞ்சம் கண்டிஷனர்.

திரும்ப வராமல் இருக்க சீட்டைவிட மிதியடியைப் பாருங்கள். ஈரச் செருப்பும் குடையும் கொண்டுவரும் தண்ணீர் மிதியடிக்கு அடியில் கார்ப்பெட்டில் தங்கி, இரவெல்லாம் வண்டிக்குள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மிதியடியை எடுத்து வீட்டுக்குள் காயப்போடுங்கள். வீடு வந்து சேர்வதற்குப் பத்து நிமிடம் முன்பிருந்து ஏ.சி.யை ஓடவிட்டால் உள்ளே இருக்கும் ஈரத்தை அது இழுத்துவிடும். சிலிக்கா ஜெல் பைகளை சீட்டுக்கு அடியில் போடலாம், மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் அல்லது சூடுபடுத்திக் காய வைக்க வேண்டும். காபிக்கொட்டையை முடிந்து தொங்கவிடுவது வாசத்துக்கு மட்டும்தான்.

கீழே சேலத்தில் பிரச்சினை வெயில். சித்திரையில் வெளியே 40 டிகிரி இருக்கும்போது மூடிய காருக்குள் 60 தாண்டுவது சாதாரணம், கண்ணாடியை ஒட்டி நேரே வெயில் படும் இடத்தில் இன்னும் கூடும். பி.வி.சி. லெதரெட்டை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் இந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறித்தான் அது விறைத்து வெடிக்கிறது, எந்த பாட்டிலாலும் அதைத் திருப்பி உள்ளே வைக்க முடியாது. முன் கண்ணாடிக்குள் மடக்கும் சன் ஷேடு ஒன்று வைப்பது கண்டிஷனரைவிடப் பயன் தரும். பின் சீட்டின் மேல்பகுதி வெடிப்பது பின் கண்ணாடி வெயிலால், அங்கேயும் ஒரு பழைய துண்டைப் போட்டு வையுங்கள்.

ஏற்கெனவே வெடித்துவிட்டதா? மயிரிழை வெடிப்பு பூச்சில் மட்டும் இருந்தால் ஃபில்லர் வைத்து நிறம் கொடுப்பவர்களிடம் காட்டலாம், நிஜத் தோலுக்கு அது செலவு செய்யத் தகுந்த வேலை. லெதரெட் உரிய ஆரம்பித்தால் அந்தத் துண்டை மட்டும் பிரித்துப் புதிதாகத் தைத்துப் போடுவதுதான் வழி. மொத்தமாக கவர் போட்டு மறைப்பதாக இருந்தால் முதலில் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்ற சின்ன டேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் திறக்கும்படி உங்கள் மாடலுக்கென்றே தைத்த கவர்தான் வேண்டும், சாதாரண கவரைப் போட்டு இழுத்துக் கட்டினால் விபத்தில் ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம்.